லாடன்பர்க் ஊரின் மோட்டார்க் கோபுரம்

ஜெர்மனி நாட்டின் தென்மேற்குப் பகுதியில், நெக்கர் ஆற்றங்கரையில், லாடன்பர்க் என்றொரு சிற்றூர் உண்டு. ஒரு பக்கம் புகைபோக்கிகள் நிறைந்த மன்ஹைம் தொழில் நகரம். மறு பக்கம் பல்கலைக்கழகப் புகழ் பெற்ற ஹைடல்பர்க். இரு பெரு நகரங்களுக்கும் நடுவே, அவற்றின் இரைச்சல் எதுவும் தன் காதில் விழாதது போல் அமர்ந்திருக்கிறது இவ்வூர். உரோமையர் காலத்தில் இதன் பெயர் லோப்போதூனும். பேரரசர் திராயான் நாளில், கி.பி. 98-ஐ ஒட்டி, இது ஒரு வட்டாரத்துக்கே தலைநகராய் இருந்தது. பின்னர் வோர்ம்ஸ் நகர ஆயர்கள் தங்கி ஆட்சி செலுத்தும் இடமாயிற்று. இன்றுள்ள புனித காலுஸ் ஆலயம், உரோமையர் எழுப்பிய பெரிய மன்றம் ஒன்றின் அடித்தளத்தின் மேல் நிற்கிறது. மரச்சட்டம் பாய்ச்சிய பழைய வீடுகளும், கல் பாவிய ஒடுங்கிய தெருக்களும், சன்னல்தோறும் பூந்தொட்டிகளுமாக ஊர் காண்பதற்கு இனியது.

ஆயினும் நாம் அவ்வூருக்குச் சென்றது உரோமையரைத் தேடியன்று, ஆயர்களைத் தேடியுமன்று. ஒரு மோட்டார்க் கொட்டகையைக் காணவே சென்றோம்!

வாசகர்கள் நகைக்க வேண்டா. ஜெர்மானியப் பங்குத்தந்தையர் கோடை விடுமுறையில் செல்லும்போது, அவர்களுக்குப் பதிலாய்ப் பங்குகளைக் கவனித்துக்கொள்ள நம் நாட்டுக் குருக்கள் சிலர் அங்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு நாமும் ஒரு கோடை மாதம் மன்ஹைமுக்கு அருகே தங்க நேர்ந்தது. அப்பங்கில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இளைஞராய் அந்நாடு வந்து, மொழி தெரியாமல் தவித்து, பின்னர் மோட்டார்த் தொழிலை முறையாகப் பயின்று, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அதே தொழிலில் நிலைத்தவர். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அதன்பின் மனைவியோடு ஊர் திரும்பி, இளவாலைப் பக்கம் உள்ள காணியில் ஒரு மாடிக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. கீழே மோட்டார்ப் பட்டறை. நடுத் தட்டில் உதிரிப் பாகங்கள் வைக்கும் அறையும் கணக்கு அறையும். மேல் தட்டில் வீடு. படத்தைத் தாமே வரைந்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருந்தார். திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போதே அதை நமக்கு விரித்துக் காட்டினார் என்றால், அக்கனவு அவரை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

அவருடைய துணைவியாரோ அப்படத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் காணி அவருக்குத் தாய்வழி வந்த சீதனக் காணி. அதில் ஒரு நல்ல கிணறும், பாட்டனார் வைத்த இரண்டு மாமரங்களும் உண்டு. “பாதர், நாற்பது வருசம் எண்ணெய் மணத்தோட வந்த மனுசனுக்குச் சோறு போட்டிட்டன். இனியும் எண்ணெய்க்கு மேலயே படுக்க வேணுமோ?” என்று அவர் நம்மிடம் கேட்டபோது, நாம் உடனே மறுமொழி கூறவில்லை. இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதிருப்பதைப் பங்கு வாழ்க்கை நமக்குக் கற்பித்திருக்கிறது.

“லாடன்பர்க்கில் கார்ல் பென்ஸ் கட்டின மாடிக் கராஜ் இருக்குது. அதைப் பார்த்தால் இவவுக்கு விளங்கும்” என்றார் கணவர். அவ்வாறே ஒரு சனிக்கிழமை மூவரும் புறப்பட்டோம். மன்ஹைமிலிருந்து ரயிலில் அதிக நேரம் ஆகாது.

அக்கொட்டகையைக் காணுமுன் அதைக் கட்டியவரைப் பற்றிச் சிறிது கூறுதல் நலம். மோட்டார் வண்டியின் தந்தை என உலகம் போற்றும் கார்ல் பென்ஸ், 1844-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், இன்று கார்ல்ஸ்ருஹே நகரோடு இணைந்துள்ள மூல்பர்க்கில் பிறந்தார். தந்தையார் ரயில் எஞ்சின் ஓட்டுநர். மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே இறந்துபோனார். கைம்பெண்ணான தாயார் வறுமையில் உழன்றும் மகனைப் பொறியியல் படிக்க வைத்தார். 1871-இல் பென்ஸ் மன்ஹைமில் ஒரு கூட்டாளியோடு சிறு பட்டறை தொடங்கினார். கூட்டாளி நம்பத் தகாதவர் என்பது விரைவில் வெளிப்பட்டது. அப்போது அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த பெர்த்தா என்னும் நங்கை, தமக்குரிய சீதனப் பணத்தை மணநாளுக்கு முன்னரே கேட்டுப் பெற்று, அக்கூட்டாளியின் பங்கை வாங்க உதவினார். 1872-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் திருமணம் நடந்தது. மணமாகிவிட்டால் தன் பணத்தைத் தன் விருப்பப்படி தொழிலில் இடும் உரிமை பெண்ணுக்கு இல்லாத சட்டம் அந்நாளில் இருந்ததை எண்ணும்போது, அப்பெண்மணியின் முன்யோசனை வியப்பளிக்கிறது.

இதை நாம் ரயிலில் சொல்லிக்கொண்டு வந்தோம். “அப்ப அங்கேயும் சீதனம் தான்!” என்று துணைவியார் சொன்னபோது கணவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்ஹைம் நகரின் நடுப்பகுதி ஒரு விசித்திரம். அங்குத் தெருக்களுக்குப் பெயர் வைப்பதற்குப் பதிலாய், சதுரங்கக் கட்டங்கள் போலப் பிரித்த மனைத் தொகுதிகளுக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். பென்ஸின் பட்டறை ‘டி 6’ என்னும் கட்டத்தில் இருந்தது. வறுமை அங்கும் விடாமல் துரத்தியது. கருவிகளே கடனுக்குப் போய்விடும் நிலையும் வந்தது. 1879-ஆம் ஆண்டின் கடைசி இரவு, ஊரெல்லாம் புத்தாண்டை எதிர்நோக்கியிருக்க, கணவனும் மனைவியும் உணவு முடித்துப் பட்டறைக்குச் சென்று, பலநாள் ஓட மறுத்த எஞ்சினை மீண்டும் முடுக்கினர். அது ஓடியது. பட்டறை வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்ததனால்தான் அப்படியொரு நள்ளிரவு முயற்சி கூடிற்று. இதைக் கணவர் பக்கத்து வாதமாக நாம் குறித்துக்கொண்டோம். 1886 ஜனவரி 29-ஆம் நாள் 37435 என்னும் எண்ணுள்ள காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. மூன்று சக்கரங்கள், ஒரு குதிரைச் சக்திக்கும் குறைந்த எஞ்சின். அதே ஆண்டு ஜூலையில் அவ்வண்டி மன்ஹைம் தெருவில் மக்கள் காண ஓடியது.

ஓடினால் போதுமா? வாங்குவார் வேண்டாவா? மக்கள் வேடிக்கை பார்த்தார்களே ஒழிய ஒருவரும் பணப்பையைத் திறக்கவில்லை. 1888 ஆகஸ்ட் மாதம், ஒரு விடியற்காலையில், கணவருக்குச் சொல்லாமலேயே பெர்த்தா அம்மையார், பதினைந்து வயது எய்கனையும் பதின்மூன்று வயது ரிச்சர்டையும் எழுப்பி, வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே கொணர்ந்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தம் தாய்வீடான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார்! எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்கும் லிக்ரோயின் திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். தடைக்கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் தைத்துப் போடச் செய்தார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். மாலையில் தாய்வீடு சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். மேடேற இன்னொரு பற்சக்கர வேகம் வேண்டும் என்று அவர் திரும்பி வந்து சொன்ன குறையைக் கேட்டுப் பென்ஸ் வண்டியைத் திருத்தினார். அவர் சென்று திரும்பிய வழி 2008-ஆம் ஆண்டு முதல் பெர்த்தா பென்ஸ் நினைவுச் சாலை என்று பலகைகள் நட்டுக் காட்டப்படுகிறது. போகவர ஏறத்தாழ 194 கிலோமீட்டர்.

இத்தனைக்கும் பின் செல்வம் வந்தது, நிறுவனம் பெருகியது, பெருகியபின் மன வேறுபாடும் வந்தது. 1903-இல் பென்ஸ் தாம் தொடங்கிய நிறுவனத்தின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார். குடும்பம் லாடன்பர்க்கில் குடியேறிற்று. 1906-இல் அங்கே ‘கா. பென்ஸ் புதல்வர்கள்’ என்ற பெயரில் ஒரு புதிய தொழிற்சாலை எழுந்தது. அப்பெயரிலுள்ள புதல்வர்கள் வேறு யாருமல்லர். மேட்டில் வண்டியைத் தள்ளிய எய்கனும் ரிச்சர்டும் தாம். 1912-இல் தந்தையார் விலகி முழுப் பொறுப்பையும் அவர்களிடமே விட்டுவிட்டார். அங்குச் சில நூறு வண்டிகளே செய்யப்பட்டன. பழைய ஆலைக் கட்டடத்தில் இப்போது பென்ஸ் பெயர் தாங்கிய மோட்டார் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. வண்டிகளை விரும்புவோர் ஒரு முழு நாள் அங்குச் செலவிடலாம். நம்மோடு வந்தவரை அங்கிருந்து கிளப்புவதற்கு நாம் பட்ட பாடு சொல்லி முடியாது. பித்தளை விளக்கு ஒவ்வொன்றின் முன்னும் நடுத்தீர்ப்பு நாள் வரை நிற்பார் போலிருந்தது.

இனி அக்கொட்டகை. பென்ஸ் வாழ்ந்த வீடு ஆற்றுக்கு அண்மையில், மரங்கள் அடர்ந்த பெரிய தோட்டத்தில் இருக்கிறது. 1986-இல் தொடங்கிய டாய்ம்லர்-பென்ஸ் அறக்கட்டளையின் அறிஞர் கூட்டங்கள் இன்று அவ்வீட்டில் நடைபெறுகின்றன. வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்தில் தனியாக நிற்கிறது ஒரு சிறிய கோபுரம். கோட்டை மதிலில் வில்லாளர் மறைந்து நிற்பதற்கு வைப்பார்களே, அது போன்ற பல் வரிசை அதன் உச்சியில். கீழே வண்டி நுழையும் அகன்ற கதவு. இதுவே 1910-இல் பென்ஸ் தம் சொந்த வண்டிக்காகக் கட்டிய கராஜ். உலகில் இப்போதுள்ள கராஜ்களுள் மிகப் பழையது இதுவே என அவ்வூரார் பெருமை பேசுகின்றனர். கீழ்த் தட்டில் வண்டி நிற்கும். மேல் தட்டில் பென்ஸ் அமர்ந்து சிந்திக்கும் படிப்பறை.

நேராகச் சொல்வதானால், முதலில் நமக்குச் சிரிப்பே வந்தது. குதிரையில்லா வண்டியைக் கண்டுபிடித்த மனிதர், அதை நிறுத்துவதற்குக் குதிரைவீரர் காலத்துக் கோட்டையை ஏன் கட்டினார்? அந்நாளில் மோட்டார் வண்டிக்கென்று தனி வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. செல்வந்தர் வீடுகளில் சாரட்டுக் கொட்டகை உண்டு. கீழே சாரட்டும் குதிரையும், மேலே வைக்கோலும் சாரட்டோட்டியின் அறையும். மோட்டார் வந்தபோது பலர் குதிரையை விற்றுவிட்டு அதே கொட்டகையில் வண்டியை நிறுத்தினர். மேலே ஆளும் கீழே வண்டியுமாகக் கட்டும் பழக்கம் சாரட்டுக் காலத்தின் மிச்சமே. ஆனால் குதிரை மூச்சு விட்டால் மேலே படுத்திருப்பவன் சாவதில்லை. எஞ்சின் மூச்சு விட்டால் சாவான். இவ்வேறுபாட்டை உணராமல் பழைய அமைப்பைப் புதிய பொருளுக்குப் போர்த்துவதால் வரும் ஆபத்து இன்றும் நீங்கவில்லை.

எவ்வாறெனில், பெட்ரோல் எஞ்சின் கக்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடச் சற்றே இலேசானது. காற்றோடு கலந்து, சூட்டோடு மேலெழும்பி, உள்ளே படிக்கட்டு இருந்தால் அப்படிக்கட்டையே புகைபோக்கியாக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குள் நுழையும். உறங்குபவர் விழிக்கமாட்டார். பெட்ரோல் ஆவியின் குணமோ நேர்மாறு. அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தண்ணீர் போலத் தேங்கும். பட்டறைகளில் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்வதற்குத் தோண்டும் குழி இருக்கிறதன்றோ? அதுவே அதற்கு ஏற்ற தங்குமிடம். பழுதான மின்விளக்கிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். ஆக, ஒரே கட்டடத்தில் மேலே போகும் ஒரு பகைவனும் கீழே தங்கும் ஒரு பகைவனும் இருக்கின்றனர்.

நம் நண்பர் இவற்றை நம்மினும் நன்கறிந்தவர். அவரே அவ்விரண்டையும் விரல் விட்டு விளக்கினார். “அங்கே ஜெர்மனியில் குழிக்குள்ள காற்றிழுக்கிற விசிறி இல்லாட்டி வேலை செய்ய விடமாட்டாங்கள், பாதர்” என்றார். ஆனால் அவருடைய படத்தில் படிக்கட்டு பட்டறைக்கு உள்ளேயே இருந்தது! “மழைக்கு நனையாமல் ஏறலாம் எண்டு வைச்சனான்” என்று மெல்லச் சொன்னார். தொழிலிடத்தில் காட்டும் விழிப்பைச் சொந்த வீட்டில் தளர்த்திவிடுவது மனித இயல்பு போலும்.

அப்போது துணைவியார் கோபுரத்தையும், தோட்டத்துக்கு அப்பால் தெரிந்த வீட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக அமைதியாகச் சொன்னார்: “இஞ்சருங்கோ, அந்த மனுசன் கராஜுக்கு மேல படுக்கேல்லை. மேல இருந்து படிச்சிருக்கிறார். படுக்க அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்.”

கணவர் பேசவில்லை. நாமும் பேசவில்லை. இதைக் காட்டுவதற்காகவா அவர் நம்மை அழைத்து வந்தார்! ஆனால் கட்டடம் அவ்வாறுதானே சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது?

தோட்டத்து இருக்கையில் அமர்ந்து, கொண்டுவந்த இடியப்பத்தையும் சம்பலையும் உண்டோம். படம் மீண்டும் மடியில் விரிந்தது. இம்முறை பேச்சு வேறு வகையாய் இருந்தது.

முதலாவது, கீழ்த்தட்டின் வலிமை பற்றியது. இரண்டு வேன்கள் அருகருகே நுழைய வேண்டுமென்று முன்பக்கச் சுவரை முற்றிலும் நீக்கி, நான்கு தூண்களின் மேல் இரண்டு தட்டுகளை நிறுத்தியிருந்தார் நண்பர். வீட்டின் எடையெல்லாம் மேலே. சுவரில்லாத வெற்றிடம் கீழே. நம் தமிழ்நாட்டு நகரங்களிலும் இப்போது வண்டி நிறுத்தவென்று கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டுத் தூண் மேல் வீடு கட்டும் வழக்கம் பெருகிவிட்டதால் இதை வாசகர்களும் கேட்பது நன்று. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தில் நிலம் நடுங்கியபோது, நடுவிடமான பூஜ் பகுதிக்கு வெகு தொலைவிலுள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல வீழ்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இவ்வாறு கீழ்த்தளம் திறந்து நின்றவையே. மேல் மாடிகளிலே சுவர்கள் தூண்களை இறுகப் பிணைத்திருக்க, கீழே மட்டும் தூண்கள் துணையின்றி நின்று, அசைவு முழுவதையும் தாமே தாங்கி முறிந்தன. பக்கச் சுவர்களையாவது முழுதாய் வைத்து, தூண்களைப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுத் தரும் கனத்தில் எழுப்புவதே முறை. கொத்தனார் கண்ணளவு மாடி வீட்டுக்குப் போதாது. லாடன்பர்க் கோபுரத்தைப் பாருங்கள்: கதவுக்கு ஒரு பக்கம் மட்டுமே திறந்து, நாற்புறமும் சுவர் சூழ நிற்கிறது.

கதவு என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு தம் முதல் வண்டியை வாடகை வீட்டின் பின்னாலிருந்த செங்கல் கொட்டகையில் வைத்துச் செய்தார். 1896 ஜூன் 4-ஆம் நாள் வைகறையில் வண்டி ஆயத்தமாயிற்று. தள்ளிக்கொண்டு வந்தால் கதவு ஒடுக்கம்! கோடரி எடுத்துச் சுவரை இடித்துத்தான் வண்டியை வெளியேற்றினார். இதைக் கேட்டு யாழ்ப்பாணத்தார் வாய்விட்டுச் சிரித்தார். ஆயினும் அடுத்த கணமே தம் படத்தில் வாயிலின் அகலத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தார்.

அக்கம்பக்கத்தார் பற்றியும் பேச்சு வந்தது. பென்ஸின் காலத்திலேயே வாழ்ந்த காட்லீப் டாய்ம்லர், கான்ஷ்டாட் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகையைப் பெருக்கிப் பட்டறையாக்கி, மைபாக் என்னும் தோழரோடு இரவு பகலாய்க் கதவடைத்து வேலை செய்தார். உள்ளே கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரர் ஐயுற்று, காவலர் வந்து சோதனையிட, எஞ்சின் பாகங்களே கிடைத்தன என்று சொல்வர். வீட்டோடு பட்டறை வைப்பவன் அயலாரிடம் ஒன்றும் ஒளிக்காமல் முன்னரே சொல்லிவிடுவது நலம். காலையில் எத்தனை மணிக்குச் சம்மட்டி ஒலிக்கும், எத்தனை மணிக்கு நிற்கும் என்பது உட்பட. நம் பங்கு ஒன்றில், கோயிலுக்கு எதிரே தகரம் அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. சனிக்கிழமை மாலை ஒப்புரவு அருட்சாதனத்தின்போது எழும் ஓசையால், பாவத்தையும் சரியாகக் கேட்க முடியாது, பரிகாரத்தையும் சரியாகச் சொல்ல முடியாது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி கடைசியில்தான் வந்தது. அது கிணறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கல்லின் வயிற்றில் தங்கி, கிணறுகளில் ஊறுகிறது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் அந்நீரே. மணற்பாங்கான மண் நீரை வடிகட்டுவதுபோல வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக் கல் வடிகட்டாது. மேலே ஊற்றியது விரைவில் கீழே சேரும். சுன்னாகம் பகுதியில் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்துவிட்டதென்று மக்கள் முறையிட்டதும், வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை சென்று 2019-இல் தீர்ப்பானதும் அங்குள்ளோர் அறிந்ததே. எண்ணெய் புகுந்த கிணற்றை எளிதில் இறைத்துத் தூய்மையாக்கிவிட முடியாது.

நண்பரின் படத்தில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருபது அடிதான் இருந்தது. வண்டி கழுவும் மேடை அதைவிட அருகில்! கழுவுவதற்கு நீர் எளிதாய்க் கிடைக்குமென்று அவ்வாறு வைத்திருந்தார். ஒரு வண்டிக்கு எண்ணெய் மாற்றினால் மூன்று நான்கு லிட்டர் பழைய எண்ணெய் கிடைக்கும். மாதம் முப்பது வண்டி வந்தால் நூறு லிட்டர். சிந்துவதும் கைதுடைக்கும் துணியிலிருந்து வடிவதும் கழுவும் நீரோடு போவதும் தனி.

“அம்மாவின் பாட்டனார் வெட்டிய கிணறு அல்லவா, ஐயா?” என்று மட்டும் நாம் கேட்டோம்.

அவர் வெகுநேரம் படத்தையே நோக்கினார். 1985-இல் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று காலையில் அக்கிணற்றடியில்தான் முகம் கழுவியதாகவும், வாளிக் கயிறு இற்றுப்போயிருந்ததைப் புதுப்பித்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். துணைவியார் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார் போலும். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர்களுக்குத் திருமணம் ஆனது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. ஆனால் இருவர் வளவும் அடுத்தடுத்தவை. அயலார் கிணற்றில் நீர் அள்ளும் பிள்ளைகளுக்கு அங்கே தடையில்லை.

பிறகு அவரே பென்சிலை எடுத்தார். பட்டறையைக் கிணற்றின் பக்கத்திலிருந்து நீக்கித் தெருவோரத்துக்குக் கொண்டுவந்தார். குழியை அடித்துவிட்டு, வண்டியை மேலே தூக்கும் பொறி ஒன்றைக் குறித்தார். செலவு கூடும், ஆனால் ஆவி தேங்கப் பள்ளம் இராது. தரையை வெடிப்பில்லாத கொங்கிரீட்டாகப் போட்டு, நீர் தெருப்பக்கமும் போகாமல் கிணற்றுப்பக்கமும் போகாமல், எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் மூன்று அறைத் தொட்டியில் சேர வழி வரைந்தார். எண்ணெய் மிதக்கும், நீர் அடியில் நிற்கும். முதல் அறையின் அடியிலிருந்து அடுத்த அறைக்கு நீரை மட்டும் எடுத்தால் எண்ணெய் பின்தங்கிவிடும். இவ்வளவு எளிய தத்துவம். பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து, மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்துவோர்க்குக் கொடுத்துவிடலாம். பட்டறையின் மேல் ஒரே ஒரு தட்டு. அதில் உதிரிப் பாகங்களும் கணக்கு மேசையும். படிக்கட்டு வெளிப்புறச் சுவரோடு, மேலே தகரக் கூரையோடு.

“அப்ப வீடு?” என்றார் துணைவியார்.

“மாமரத்துக்கு அங்கால. நீர் சொல்லும், எத்தனை அறை எண்டு.”

அவர் இரண்டு அறை என்றார். பின் சிறிது யோசித்து, குருக்கள் யாரேனும் வந்தால் தங்குவதற்கு மூன்றாவது ஒன்றும் என்றார். அந்த மூன்றாவது அறையில் நமக்கும் ஒரு பங்கு உண்டென்று நாம் அப்போதே உரிமை கொண்டாடிவிட்டோம்.

மாலையில் ஊர்க் கல்லறைக்குச் சென்றோம். 1929-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, நூற்றுக்கணக்கான மோட்டார் வண்டிகள் ஊர்வலமாக லாடன்பர்க்குக்கு வந்து, நோயுற்றிருந்த முதியவரை வாழ்த்தின. சில நாட்களில், ஏப்ரல் 4-ஆம் நாள், அவர் தம் வீட்டிலேயே இறந்தார். பெர்த்தா அம்மையார் அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்து, தம் தொண்ணூற்றைந்தாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து, 1944 மே 5-ஆம் நாள் கண்மூடினார். இருவரும் லாடன்பர்க்கிலேயே துயில்கின்றனர். நம் நண்பர் கல்லறை முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். துணைவியார், தோட்டத்தில் விழுந்து கிடந்து தாம் பொறுக்கி வந்த இரண்டு பூக்களையும் பெர்த்தா அம்மையாரின் பெயர் இருந்த பக்கத்தில் வைத்தார்.

அண்மையில் அவர்களிடமிருந்து நமக்குக் கடிதம் வந்தது. புதிய படத்தை ஒரு பொறியாளரிடம் கொடுத்துத் தூண் கணக்குப் பார்த்தாயிற்றாம். மூன்றாவது அறைக்கு ஒரு சன்னல் கிணற்றைப் பார்க்க வைத்திருக்கிறார்களாம். பிரதேச சபையின் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.